அப்பாவின் வண்டிச் சத்தம்: சின்ன வயதுக் காயங்கள் மூளையை என்ன செய்கின்றன?

ஏழாம் வகுப்பில் எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். சாயங்காலம் அவன் வீட்டுத் திண்ணையில்தான் கேரம் ஆடுவோம். தெருமுனையில் அவன் அப்பாவின் டிவிஎஸ் 50 திரும்பும் சத்தம் எங்கள் காதில் விழுவதற்கு முன்பே அவன் காதில் விழுந்துவிடும். ஸ்ட்ரைக்கர் மேல் வைத்த விரல் அப்படியே நிற்கும். வண்டி வாசலுக்கு வரும், ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்கும். ஒரே மிதியில் 'டக்'கென்று வண்டி ஏறி நின்றால் பயமில்லை, அன்றைக்குக் குடிக்கவில்லை. இரண்டு மூன்று முறை மிதித்தும் ஏறவில்லை என்றால், "நீ கிளம்புடா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று என்னைக் கொல்லைப்புறமாக அனுப்பிவிடுவான். அவன் கணக்கு ஒரு நாளும் தப்பியதில்லை.

பள்ளிக்கூடத்துக் கணக்கு மட்டும் அவனுக்கு வரவே வராது. வாத்தியார் போர்டில் எழுதிக்கொண்டிருப்பார். பின்னால் யாராவது பெஞ்சை இழுத்தால் இவன் தூக்கிவாரிப்போட்டுத் திரும்புவான். "கவனம் எங்கேடா மேயுது?" என்று முதுகில் ஒன்று விழும். அவனுக்குக் கவனம் எங்கள் எல்லாரையும்விட அதிகம் என்பது எனக்கு உறைக்க இருபது வருடத்துக்கு மேல் ஆனது. அது முழுக்க வாசல் பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

சின்ன வயதில் படும் காயங்கள் மூளையை எப்படி மாற்றுகின்றன என்று நான் படிக்க ஆரம்பித்ததே அவனால்தான். படித்ததில் எனக்குப் புரிந்ததை, இந்த விஷயத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

எல்லாக் கஷ்டமும் காயம் அல்ல

ஆங்கிலத்தில் இதை 'ட்ராமா' என்கிறார்கள். கிரேக்கத்தில் காயம் என்று பொருள். தமிழில் எழுதினால் நாடகக் கொட்டகை ஞாபகம் வந்துவிடுகிறது. அதனால் நான் மனக்காயம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதல் நாள் பள்ளிக்கூடம், ஊசி போடுவது, ஓட்டப்பந்தயத்தில் தோற்பது எல்லாம் பிள்ளைக்கு அழுத்தம்தான். நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். இது வளர்ச்சிக்குத் தேவையும்கூட. அதற்கு மேல் ஒன்று இருக்கிறது. தாத்தா இறந்துபோவது, வெள்ளத்தில் வீடு போவது மாதிரி. பெரிய அடிதான், ஆனால் மடியில் போட்டுத் தட்டிக்கொடுக்க ஒருவர் இருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் மெல்ல மீண்டுவிடுகிறார்கள். மூன்றாவது வகைதான் ஆபத்து. பயம் ஓயாமல் தொடர்கிறது, ஆறுதல் சொல்ல ஆளில்லை. சொல்லப்போனால், ஆறுதல் சொல்ல வேண்டிய ஆளே பயத்துக்குக் காரணமாக இருக்கிறார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜாக் ஷோன்காஃப் என்ற குழந்தை மருத்துவரின் குழு இந்த மூன்றாவது வகைக்கு 'நச்சு அழுத்தம்' என்று பெயர் வைத்திருக்கிறது.

ஆக, என்ன நடந்தது என்பதோடு, நடந்தபோது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

மூளை பிறந்த பிறகுதான் கட்டப்படுகிறது

கன்றுக்குட்டி பிறந்த சில மணி நேரத்தில் எழுந்து நடக்கும். மனிதக் குழந்தைக்குத் தலை நிற்கவே மூன்று மாதம் ஆகிறது. பிறந்த குழந்தையின் மூளை, எடையில் பெரியவர்கள் மூளையில் சுமார் கால் பங்கு. ஐந்தாறு வயதுக்குள் அது 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது. இதில் பெரும்பகுதி புதிய நரம்பணுக்களால் வருவதில்லை. ஏற்கெனவே இருக்கும் அணுக்கள் கிளைவிட்டு ஒன்றோடொன்று இணைவதால் வருவது.

முதலில் தேவைக்கு மேல் இணைப்புகள் உண்டாகின்றன. அப்புறம் கழித்துக்கட்டும் வேலை நடக்கிறது. பொட்டல் காட்டில் ஒற்றையடிப் பாதை உண்டாவதைப் பார்த்திருப்பீர்கள். ஆள் நடக்க நடக்கப் பாதை தெளிகிறது. நடக்காத தடத்தில் புல் மூடிக்கொள்கிறது. எந்தத் தடம் தெளிய வேண்டும் என்பதை அந்தப் பிள்ளையின் ஒவ்வொரு நாளும் முடிவு செய்கிறது.

இதில் காலக்கெடுவும் உண்டு. 1960களில் டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இருவர் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணின் இமையைச் சில வாரங்கள் தைத்து மூடிவைத்துப் பார்த்தார்கள். பிறகு திறந்துவிட்டால் கண்ணில் பழுதில்லை, ஆனால் பூனைக்கு அந்தக் கண்ணால் பார்க்கத் தெரியவில்லை. அந்த வாரங்களில் வெளிச்சம் வராததால், அந்தக் கண்ணுக்குப் போயிருக்க வேண்டிய மூளைப் பகுதியை மறு கண் எடுத்துக்கொண்டுவிட்டது. வளர்ந்த பூனையிடம் இதையே செய்தால் ஒன்றும் ஆவதில்லை. 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிறவிக் கண்புரையோடு பிறக்கும் குழந்தைக்கு மருத்துவர்கள் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாமல் செய்வதும் இதனால்தான்.

கண் வெளிச்சத்தை எதிர்பார்த்துப் பிறக்கிறது. அதேபோல் குழந்தையின் மூளை ஒரு ஆளை எதிர்பார்த்துப் பிறக்கிறது. அழுதால் வருகிற ஆள். 'ங்ங்' என்றால் திருப்பி 'ங்ங்' என்கிற ஆள்.

1970களில் எட்வர்டு ட்ரானிக் என்ற உளவியலாளர் செய்த ஒரு சோதனையின் காணொளி இணையத்தில் கிடைக்கிறது. தைரியம் இருந்தால் பாருங்கள். அம்மா குழந்தையோடு கொஞ்சி விளையாடுகிறாள். பிறகு முகத்தைத் திருப்பி, மறுபடி பார்க்கும்போது கல் மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறாள். இரண்டே நிமிடம்தான். குழந்தை சிரித்துப் பார்க்கிறது. கையை நீட்டிக் காட்டுகிறது. கத்துகிறது. எதற்கும் பதில் வராமல் போக, கடைசியில் உடம்பு நிலைகுலைந்து அழுதுவிடுகிறது. இரண்டு நிமிடத்துக்கே இப்படி என்றால், இரண்டு வருடம் அந்த முகம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? யாரும் செய்து பார்க்கக் கூடாத சோதனை. ஒரு நாட்டின் அரசாங்கம் அதைச் செய்தே முடித்தது.

அழாத குழந்தைகள்

ருமேனியாவை ஆண்ட நிக்கொலாய் சௌஷெஸ்குவுக்கு ஜனத்தொகையைப் பெருக்கி நாட்டை முன்னேற்றிவிடலாம் என்று ஒரு கணக்கு. 1966இல் 770ஆம் எண் ஆணை போட்டுக் கருக்கலைப்பைத் தடை செய்தார். கருத்தடை சாதனங்களும் கிடைக்காமல் போயின. பிள்ளைகள் பிறந்தார்கள். சோறு போட வழியில்லாத பெற்றோர், அரசாங்கமே வளர்க்கும் என்று சொன்ன விடுதிகளில் பிள்ளைகளை விட்டார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்து சௌஷெஸ்கு சுடப்பட்டபோது, அந்த விடுதிகளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள்.

உள்ளே போய்ப் பார்த்தவர்கள் பலரும் சொன்ன ஒரு விஷயம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கைக்குழந்தைகள் வரிசையாகப் படுத்திருக்கும் அறைகளில் சத்தமே இல்லை. அழுதால் யாரும் வருவதில்லை என்று அந்தக் குழந்தைகள் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆயாவுக்குப் பத்துப் பதினைந்து பிள்ளைகள். பால் பாட்டிலைத் தலையணையில் சாய்த்துவைத்துவிட்டுப் போய்விடுவார்கள். குளிப்பாட்டுவதும் துணி மாற்றுவதும் வரிசைப்படி. யாரும் வேண்டுமென்று கொடுமைப்படுத்தினார்கள் என்றுகூட எல்லா இடத்திலும் சொல்லிவிட முடியாது. அங்கே சோறு இருந்தது, கூரை இருந்தது. ஒரு குழந்தையை 'இது என் குழந்தை' என்று பார்க்க ஒருவர் இல்லை. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் உட்கார்ந்தபடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பார்கள். தொட்டில் ஆட்ட ஆளில்லாத குழந்தை தன்னைத்தானே ஆட்டிக்கொள்கிறது.

2000ஆம் ஆண்டு சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் தலைநகர் புகாரெஸ்ட்டில் ஒரு ஆய்வைத் தொடங்கினார்கள். ஆறு விடுதிகளிலிருந்து 136 குழந்தைகள். வயது 6 மாதத்திலிருந்து 31 மாதம் வரை. குலுக்கல் முறையில் 68 பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். 68 பேர் விடுதியிலேயே இருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, சொந்த வீட்டில் வளரும் 72 பிள்ளைகள்.

குலுக்கிப் போட்டா ஒரு பிள்ளையின் தலைவிதியை முடிவு செய்வது என்று எனக்கும் கோபம் வந்தது. அப்போது அந்த நகரத்தில் வளர்ப்புக் குடும்பம் என்ற ஏற்பாடே கிட்டத்தட்ட இல்லை; இவர்கள்தான் 56 குடும்பங்களைத் தேடி, பயிற்சி கொடுத்து, சம்பளமும் கொடுத்தார்கள். விடுதிக் குழுவில் இருந்த பிள்ளையைப் பெற்றவர்களோ தத்தெடுப்பவர்களோ கேட்டு வந்தால் தடுப்பதில்லை என்பதும் விதி. ஆய்வு இல்லாவிட்டால் 136 பேருமே விடுதியில்தான் இருந்திருப்பார்கள். இந்த நியாயம் எனக்கு முக்கால்வாசி சமாதானம்தான்.

முடிவுக்கு வருவோம். நாலரை வயதில் அறிவுத்திறனைச் சோதித்தபோது விடுதிப் பிள்ளைகளின் சராசரி 73. வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்கள் 81. சொந்த வீட்டில் வளர்ந்தவர்கள் 109. தலையில் மின்முனைகளை ஒட்டி எடுக்கும் இ.இ.ஜி. பதிவில், விடுதிப் பிள்ளைகளின் மூளை அலைகள் வயதுக்கு மீறி மந்தமாக இருந்தன. எட்டு வயதில் மறுபடி எடுத்தபோது, இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குப் போனவர்களின் அலைகள் வீட்டுப் பிள்ளைகளுடையதைப் போலவே ஆகியிருந்தன. அதற்குப் பின் போனவர்களுக்கு அந்த அளவு மாறவில்லை. ஸ்கேனில் பார்த்தால், நரம்பணுக்களின் உடல்கள் நிறைந்த சாம்பல் பொருள் இரண்டு குழுவுக்குமே குறைவு. இணைப்புக் கம்பிகளான வெண் பொருளில் மட்டும் குடும்பத்துக்குப் போனவர்கள் ஓரளவு ஈடுகட்டியிருந்தார்கள்.

மனநலத்திலும் இதே மாதிரி பாதிக்குப் பாதி கதைதான். பதற்றமும் மனச்சோர்வும் வளர்ப்புக் குடும்பப் பிள்ளைகளிடம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஒரு இடத்தில் நிற்காத, கவனம் நிலைக்காத கோளாறு மட்டும் குறையவில்லை. ஏன் ஒன்று மீண்டது, ஒன்று மீளவில்லை? மூளையின் ஒவ்வொரு பகுதிக்கும் அதனதன் காலக்கெடு வேறு என்பதுதான் நல்ல விளக்கமாகத் தெரிகிறது.

ருமேனியாவிலிருந்து, பெரும்பாலும் இப்படிப்பட்ட விடுதிகளிலிருந்து, இங்கிலாந்துக்குத் தத்துப் போன 165 பிள்ளைகளை மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவரின் குழு பெரியவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்தது. ஆறு மாத வயதுக்கு முன் வந்தவர்கள் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். ஆறு மாதத்துக்கு மேல் விடுதியில் இருந்தவர்களில் பலருக்கு, எவ்வளவு அன்பான வீட்டுக்கு வந்தும், பிரச்சினைகள் தொடர்ந்தன. 2020இல் வெளிவந்த ஸ்கேன் முடிவில், இருபதைத் தாண்டிய அந்த இளைஞர்களின் மூளை சராசரியாக 8.6 சதவீதம் சிறியதாக இருந்தது. ஆனால் இன்னொரு எண்ணையும் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் அங்கே கிடந்தவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு எந்த வயதிலும் எந்த மனநலப் பிரச்சினையும் வரவில்லை. அவர்களை எது காத்தது என்பதுதான் இன்றைக்கு ஆய்வாளர்களைக் குடையும் கேள்வி.

வந்திருக்கக் கூடாதவர் வந்தால்

ருமேனியப் பிள்ளைகளுக்கு வர வேண்டியவர் வரவில்லை. என் சிநேகிதன் வீட்டில் கதை வேறு. அங்கே தினமும் ஒருவர் வந்தார். இல்லாமையும் மிரட்டலும் மூளையில் வெவ்வேறு தடம் பதிக்கின்றன என்று கேட்டி மெக்லாக்லின், மார்கரெட் ஷெரிடன் என்ற இரு ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டுகிறார்கள். பேச்சு, தொடுகை, விளையாட்டு எதுவும் கிடைக்காத பிள்ளைக்கு மொழியும் சிந்தனையும் அடி வாங்குகின்றன. பயத்தில் வளரும் பிள்ளைக்கு ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமைப்பு கூர்மையாகிறது. நிஜ வாழ்க்கையில் இரண்டும் கலந்துதான் வரும், அது வேறு விஷயம்.

அந்த மோப்ப அமைப்பைக் கொஞ்சம் பார்ப்போம். காதுக்கு நேர் உள்ளே, மூளையின் ஆழத்தில் பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா என்று ஒரு பகுதி. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. வாசலில் கட்டிய நாய் மாதிரி. யார் வருகிறார்கள் என்று யோசிக்காது, சத்தம் கேட்டால் குரைக்கும். அது குரைத்ததும் மூளையின் அடியிலிருந்து ஒரு ரசாயனத் தகவல் கிளம்பி, சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளுக்குப் போகிறது. கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் சுரக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, தசை முறுக்கேறுகிறது, பசி போய்விடுகிறது. அமிக்டலாவை ஒட்டியே ஹிப்போகாம்பஸ் இருக்கிறது. நினைவுகளுக்குத் தேதியும் இடமும் போட்டுக் கட்டிவைக்கும் குமாஸ்தா. "போதும், ஆபத்து போய்விட்டது" என்று கார்ட்டிசாலை நிறுத்தச் சொல்வதிலும் அதற்குப் பங்கு உண்டு. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி எஜமான். "அது பால்காரர்தான், சும்மா இரு" என்று நாயை அடக்குவது அதன் வேலை. சிக்கல் என்னவென்றால், எஜமான் முழுசாக வளர இருபத்தைந்து வயது வரை ஆகிறது. நாய் பிறந்ததிலிருந்தே தயார்.

எப்போதாவது குரைத்தால் பிரச்சினை இல்லை. வருடக்கணக்கில் தினமும் இரவு எட்டு மணிக்குக் குரைக்க வேண்டியிருந்தால், கார்ட்டிசால் சுரப்பின் ஒழுங்கே மாறுகிறது. சிலருக்கு எப்போதும் ஏறியே இருக்கும். சிலருக்கு நேர்மாறாகத் தேவையானபோதுகூட ஏறாமல் மழுங்கிப்போகும். சின்ன வயதில் வன்முறைக்கு ஆளானவர்களின் அமிக்டலா கோபமான முகங்களுக்கு மற்றவர்களைவிட வேகமாக எகிறுகிறது என்று பல ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஹிப்போகாம்பஸ் அளவில் சற்றே சிறுத்திருப்பதும் பலமுறை பதிவாகியிருக்கிறது.

என் சிநேகிதனின் காதை எனக்குப் புரியவைத்தது விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் செத் பொல்லாக் செய்த ஆய்வு. மங்கலாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாகும் முகப் படங்களைப் பிள்ளைகளிடம் காட்டினார். அடிபட்டு வளர்ந்த பிள்ளைகள், மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாத கட்டத்திலேயே "இது கோபமான முகம்" என்று சொல்லிவிட்டார்கள். சந்தோஷ முகத்தில் இப்படி முந்தவில்லை. கோபத்தில் மட்டும். இதைக் கோளாறு என்று எப்படிச் சொல்வது? அந்த வீட்டில் பிழைக்க அது அவசியமான திறமை. பாஸ்டன் அருகே மெக்லீன் மருத்துவமனையில் பல காலமாக இதை ஆராயும் மார்ட்டின் டைக்கரும், இந்த மூளை மாற்றங்களைச் சேதம் என்று பார்ப்பதைவிட ஆபத்தான உலகத்துக்குத் தன்னைத் தயார்செய்துகொண்ட மூளை என்று பார்ப்பதே பொருத்தம் என்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. வெளியூர் போனாலும் வீட்டு நாய் கூடவே வந்து, கணக்கு வகுப்பில் பெஞ்சு சத்தத்துக்கும் குரைப்பதுதான் தொல்லை.

டைக்கரின் குழு செய்த இன்னொரு ஆய்வை, "நான் என்ன அடிச்சா வளர்க்கிறேன், வாயாலதானே திட்டறேன்" என்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அடி விழாமல், பெற்றோரின் வசவு மட்டும் வாங்கி வளர்ந்த இளைஞர்களை ஸ்கேன் செய்தார்கள். மொழியைக் கையாளும் நரம்புப் பாதைகளில் வேறுபாடு தெரிந்தது. சொல் எந்த வழியாக உள்ளே போனதோ அந்த வழியிலேயே தடம். ஸ்கேன் படத்தை வைத்து இதனால்தான் அது என்று அடித்துச் சொல்ல முடியாது, உண்மைதான். இருந்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ள எனக்கு இது போதும்.

மரபணு வரைக்கும் போகிறதா என்று கேட்பார்கள். எலியில் போகிறது. மான்ட்ரியாலில் மைக்கேல் மீனியின் குழு 2004இல் காட்டியது: குட்டியை அதிகம் நக்கிக்கொடுக்கும் தாயிடம் வளர்ந்த எலிகளில், அழுத்தத்தை அடக்க உதவும் ஒரு மரபணுவின் சுவிட்சு திறந்திருந்தது, நக்காத தாயிடம் வளர்ந்தவற்றில் பாதி மூடியிருந்தது. குட்டிகளை மாற்றிவைத்தால் வளர்த்த தாயைப் பொறுத்தே அமைந்தது. மனிதர்களிலும் இதே திசையில் சில தடயங்கள் உண்டு. "ஏழு தலைமுறைக்கு ஒட்டிக்கொள்ளும்" என்று யூடியூபில் சொல்வதெல்லாம் அவசரம்.

பெரியவர்கள் ஆன பிறகு

கலிபோர்னியாவின் சான் டியாகோவில் 1980களில் உடல் எடை குறைக்கும் கிளினிக் நடத்திய வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவருக்கு ஒரு குழப்பம். எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோனார்கள். கூப்பிட்டுப் பேசிப் பார்த்ததில், அவர்களில் பலர் சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரியவந்தது. சிலருக்கு அந்தப் பருமன் ஒரு கவசம். மெலிந்தால் பிறர் கண்ணில் படுவோமே என்று பயம். அவரும் ராபர்ட் ஆண்டா என்பவரும் சேர்ந்து 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் சிறு வயது அனுபவங்களைக் கேட்டார்கள். அடி, வசவு, பாலியல் கொடுமை, புறக்கணிப்பு, வீட்டில் குடி, அம்மாவை அடிப்பது, பெற்றோர் பிரிவு என்று பத்து வகை. 1998இல் முதல் கட்டுரை வந்தது. கேட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் படித்த, காப்பீடு உள்ள நடுத்தர வர்க்கத்தினர். ஆனாலும் மூன்றில் இரண்டு பேருக்கு ஒன்றாவது இருந்தது. எட்டில் ஒருவருக்கு நான்கோ அதற்கு மேலோ. நான்கோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்குக் குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றுக்கான ஆபத்து ஒன்றும் இல்லாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு.

இந்தப் பத்துக் கேள்வி இணையத்தில் வினாடி வினா மாதிரி சுற்றுகிறது. "எனக்கு ஆறு மார்க், என் கதை முடிந்தது" என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இந்த எண் கூட்டத்துக்குப் பொருந்தும், தனி ஆளுக்குப் பொருந்தாது என்று ஆண்டாவே 2020இல் எழுதினார். ஒருமுறை பட்ட அடியும் பத்து வருட அடியும் இதில் ஒரே மதிப்பெண்தான்.

தனி ஆளிடம் இது எப்படித் தெரியும்? பல சமயம் வேறு பெயரில்தான் தெரியும். காரணமில்லாத வயிற்றுவலி, எரிந்து விழும் குணம், நள்ளிரவில் விழிப்பு. யாரும் அன்பாகப் பேசினால் உள்நோக்கம் தேடுவது. சிலருக்கு எதுவுமே உறைக்காத மரத்துப்போன நிலை. நடந்தது ஒழுங்கான கதையாக ஞாபகம் இருக்காது. ஒரு வாசனை, ஒரு செருப்புச் சத்தம் போதும், உடம்பு அங்கே போய்விடும். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், நீண்ட கால, திரும்பத் திரும்ப நேர்ந்த கொடுமைகளால் வரும் இந்த நிலைக்குத் தனிப் பெயரே கொடுத்திருக்கிறது.

தமிழ்ப் பிள்ளைகளிடம் நடந்த ஒரு ஆய்வையும் சொல்லியாக வேண்டும். சுனாமி முடிந்த கையோடு இலங்கையின் வடகிழக்கில் 296 பள்ளிப் பிள்ளைகளிடம் பேசினார்கள், 2008இல் வெளிவந்தது. போரையும் பார்த்த, கடலையும் பார்த்த பிள்ளைகள். நூற்றுக்கு முப்பது பேருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருந்தது. போரும் சுனாமியும் மட்டும் அதை விளக்கிவிடவில்லை. வீட்டுக்குள் வாங்கிய அடிக்கும் அதில் தனிப் பங்கு இருந்தது. அப்பாவின் குடி கூடக் கூட அடியும் கூடியிருந்தது.

"அடியாத மாடு படியாது" என்று நம்மிடம் பழமொழி இருக்கிறது. மாட்டுக்கே அது சரியா என்று மாடு வளர்ப்பவர்களைக் கேட்டால் தெரியும். இந்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் கேட்டு 2007இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் இரண்டு பேர் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்துவிட்டது. பிரம்பு இன்னும் சில மேசைகளில் இருக்கிறது.

ஐந்துக்குப் பிறகு வளையுமா?

ஐந்தில் வளைந்தது ஐம்பதிலும் அப்படியேதான் நிற்குமா? சின்ன வயதில் மூளை சுலபமாக வளைகிறது என்பது சரி. ஐம்பதில் வளையாது என்பது சரியில்லை. மெனக்கெட வேண்டும், நாள் பிடிக்கும். கெட்டதைத் திரும்பத் திரும்பச் செய்து படிந்த தடம், நல்லதைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது பக்கத்தில் புதுத் தடத்துக்கு இடம் கொடுக்கிறது. பழையது அழிவதில்லை. நடமாட்டம் குறைகிறது.

ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, குடி, சண்டை என்று எல்லாம் சேர்ந்த வீடுகளில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒருவர் நல்லபடியாக ஆளானார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றில் ஒன்று, பெற்றோர் இல்லாவிட்டாலும் பாட்டி, அத்தை, ஆசிரியர் என்று நம்பிப் போக ஒரு பெரியவர். என் சிநேகிதனுக்கு இரண்டு தெரு தள்ளி அம்மாச்சி இருந்தாள். ஸ்டாண்டு மூன்று முறை மிதிபடும் நாட்களில் அவனுக்கு ராத்திரிச் சாப்பாடு அங்கேதான். அவள் ஒன்றும் கேட்க மாட்டாள். தட்டைப் போடுவாள்.

சிகிச்சையும் உண்டு. மனக்காயத்துக்கென்றே வகுத்த அறிவுசார் நடத்தைச் சிகிச்சை பிள்ளைகளுக்கு நன்றாகப் பலன் தருகிறது. பெற்றோரையும் சேர்த்து உட்காரவைத்துச் செய்வார்கள். பெரியவர்களுக்குக் கண்ணசைவோடு செய்யும் இ.எம்.டி.ஆர். என்ற முறையும் பயன்படுகிறது. மாத்திரை தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் உதவும். நடந்ததைப் பேசித்தான் ஆற்ற வேண்டும். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். கண்ணெதிரே ஒரு பிள்ளை அடிபடுகிறது என்றால், குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

இதையெல்லாம் படித்துவிட்டு, நேற்று பிள்ளையைக் கத்தியதை நினைத்துத் தூங்காமல் இருக்கும் அம்மா அப்பாக்களுக்கு ஒன்று. அந்தக் கல் முகச் சோதனை செய்த ட்ரானிக்கே அளந்து பார்த்திருக்கிறார்: நல்ல தாய்க்கும் குழந்தைக்கும்கூட சுமார் 30 சதவீத நேரம்தான் சுருதி சேருகிறது. மீதி நேரம் தப்புவதும் சேர்ப்பதுமாகத்தான் ஓடுகிறது. அந்தச் சோதனையிலும் இரண்டு நிமிடம் முடிந்ததும் அம்மா திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள், குழந்தை கொஞ்சம் முறைத்துவிட்டு வந்துவிடுகிறது. கத்தியபின் போய், "அப்பா கத்தியிருக்கக் கூடாதும்மா" என்று சொல்கிற அந்த ஐந்து நிமிடமும் மூளையில் பதிகிறது.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது சிநேகிதன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் கடையிலிருந்து வர நேரமாகும் என்றார்கள். அவன் மகள் ஹாலில் படம் வரைந்துகொண்டிருந்தாள், பக்கத்தில் டிவி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வண்டி வந்து நின்றது, ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. எனக்குத்தான் சட்டென்று தலை நிமிர்ந்தது. அவள் பச்சை கிரேயானைத் தேடிக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்தவன் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டான். "பாத்தியா, அப்பா வந்திருக்கேன், ஏறெடுத்துப் பாக்குதா பாரு."